சுவரில் ஒட்டிய அரசாங்கக் கண்ணாடி

1

ஊரில் எல்லோரும் சுகமா என்று கேட்டுத்தான் இப்படிப்பட்ட எழுத்தைத் தொடங்குவார்கள். நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் சுகமாக இருப்பது உங்கள் கடிதங்களிலேயே தெரிகிறது. வேறு வேலை இல்லாதவர்களுக்குத்தான் கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றி இவ்வளவு கவலைப்பட நேரம் கிடைக்கும். "கொழும்பில் பூமி நடுங்கியதாமே, அக்கா இன்னும் மேலே இருக்கிறாளா, உள்ளே போய்விட்டாளா" என்று என் தம்பி எழுதிக் கேட்டிருந்தான். மேலேதான் இருக்கிறேன். பூமி நடுங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டது. தூத்துக்குடியில் ஏறினால் மறுநாள் காலை கொழும்பில் இறங்கலாம் என்று பெருமை பேசும் கப்பல், செய்தியை மட்டும் நடந்து வரச் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

நம் கோயிலின் மாதப் பத்திரிகைக்கு எழுதும்படி சுவாமியாரும் கேட்டிருக்கிறார். நான் படித்தது இரண்டு வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அச்சடிக்கிறவர் எழுத்துப் பிழையைத் திருத்தட்டும். மற்றதைத் திருத்த வேண்டாம்.

நான் கல்யாணமாகி வந்தது கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளாக்கர். வந்த புதிதில் வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று, "கொஞ்சம் கதைக்க வேணும்" என்றார். நான் கதை கேட்கும் ஆசையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டேன். அவர் வாடகையை உயர்த்த வந்தவர். அன்றைக்கு நான் நடுங்கியது, பூமி நடுங்கிய அன்றைக்கு நடுங்கியதை விட அதிகம்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். வீடு இருக்கிறது. கோயிலுக்குக் கூப்பிடு தூரம். எங்கள் தெருவில் யார் வீட்டில் பெண் பார்த்தாலும், எந்த இருவருக்குள் பேச்சு நின்றாலும், என் வாசலுக்கு வராமல் முடியாது. திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் சொரூபத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் நடக்கிறவள் நான். அந்த வரிசையிலிருந்து என்னை நகர்த்த ஒரு மேற்றிராணியாரால்கூட முடியவில்லை. பூமியால் முடியப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

நடுக்கம் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காலைப் பூசை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மூடிகள் கிலுகிலுத்தன. மேல்தட்டில் இருந்த பித்தளைச் செம்பு விளிம்பு வரைக்கும் நகர்ந்து வந்து, கீழே எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று நின்றுகொண்டது. அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பிலோமினா எலி என்றாள். மத்தியானத்துக்குள் தெருவில் எல்லோரும் முதலிலேயே தங்களுக்குத் தெரியும் என்றார்கள். அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் மிக நன்றாக வருணித்தார்கள்.

இந்தத் தீவு பழைய கல், அசையாது என்று பத்திரிகையில் ஒரு பெரியவர் எழுதினார். அசைந்ததே என்று இன்னொரு பெரியவர் எழுதினார். இருவரும் ஒரே கந்தோரில், நம் ஊரில் சொல்லும் ஆபீசில், ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் என்று என் மகன் சேவியர் சொன்னான்.

சேவியர் எனக்கு ஒரே மகன். பூமியை ஆராய்கிற அரசாங்கக் கந்தோரில் அவனும் கிளாக்கர். எங்கள் தெருக்காரர்கள் அதற்கு நடுக்கக் கந்தோர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அங்கே ஓர் உருளையில் கடதாசி சுற்றி, அதன் மேல் ஊசி ஒன்று கோடு இழுத்துக்கொண்டே இருக்குமாம். எந்தத் தேசத்தில் பூமி அசைந்தாலும் ஊசி துள்ளுமாம். ஜப்பானில் அசைந்தால் அவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவன், முன்அறைச் சுவரைப் பார்த்தான். அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. நான் வந்த நாளிலேயே அது மயிரிழையாக இருந்தது. நடுக்கத்துக்குப் பிறகு ஒரு சதக் காசின் விளிம்பு உள்ளே போகும்.

வீடு விழப் போகிறது, உடனே தன்னோடு வெள்ளவத்தைக்கு வந்துவிட வேண்டும் என்றான்.

வெள்ளவத்தையில் அவனுக்குக் கடற்கரைப் பக்கம் வீடு. மருமகள் கிறேஸ் யாழ்ப்பாணத்துப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள், புரட்டஸ்தாந்துக் குடும்பம். கல்யாணத்துக்காக எங்கள் கோயிலுக்கு வந்தாள். ஆள் வந்துவிட்டாள், முழங்கால் மட்டும் வரவில்லை. பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது அவளுக்குச் செருப்பு வார் அவிழ்ந்துவிடும். மெழுகுதிரி ஏற்றுவது படிக்காத சனங்களின் வேலை என்பது அவள் எண்ணம். வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே தெரிகிற முகம் அவளுக்கு.

ஒருமுறை அங்கே ஒரு கிழமை, ஏழு நாளும், இருந்து பார்த்தேன். மதிலுக்கு மேலாக அடுத்த வீட்டைக் கூப்பிடக் கூடாது. அடுத்த வீட்டுக்காரருக்குத் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். சோற்றைக் கரண்டியால் சாப்பிட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடுகிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் கோப்பைகள் நாட்டியம் ஆடும், கிறேஸ் திரும்பிப் பாராமலே சீனிப்போத்தல் மூடியை ஒரு விரலால் அழுத்திக்கொள்வாள். இந்த வீட்டில் இருந்துகொண்டா கொட்டாஞ்சேனை நடுங்குகிறது என்று பயப்படுகிறாய் என்று மகனைக் கேட்டேன். ரயில் நேரத்துக்கு வருவது, அது நடுக்கத்தில் சேராது என்றான். அரசாங்கத்தில் நேரம் குறித்து அசைவதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு.

வரமாட்டேன் என்றேன். அவன் தன் கந்தோரின் வெள்ளைக்காரத் துரையைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

3

துரை மெலிந்த மனிதர், நல்ல மனிதர். முன்பு மலைநாட்டுத் தோட்டங்களில் மண்சரிவு பார்த்தவராம். தமிழும் அங்கேதான் பழகினார். தோட்டத்தில் துரைமாருக்கு இருக்கிற தமிழில் "நீங்கள்" கிடையாது. ஆகையால் அவர் வந்ததும் என்னைப் பார்த்து, "நீ இங்கே நிக்காதே, சுவர் விழும்" என்றார்.

"நீயும் நிக்காதே," என்றேன். "உன் மேலேயும் விழும்."

சேவியருக்கு முகத்தில் இரத்தம் இல்லை. துரை சிரித்துவிட்டு விலகி நின்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் நீ, நான் என்றே பேசிக்கொள்கிறோம். இந்தத் தீவில் ஒரு துரையை இப்படிப் பேசுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான் இருப்பேன்.

துரையின் ஆராய்ச்சியை அவர் சொன்னபடி எழுதுகிறேன். கொழும்புக்கு அடியில் இருப்பது பழைய கருங்கல். அதற்கு மேலே சில இடங்களில் கபுக் என்று இங்கே சொல்லும் செம்மண் கல், சில இடங்களில் மணல், சில இடங்களில் சேறு. பூமி ஒரே அசைவுதான் அசையும். ஆனால் கல்லின் மேல் இருக்கும் வீடு ஒருவிதமாகவும், சேற்றின் மேல் இருக்கும் வீடு வேறுவிதமாகவும் ஆடும். ஒரு தெருவில் பீங்கான் உடையும், அடுத்த தெருவில் தூங்குகிறவன் புரண்டுகூடப் படுக்கமாட்டான். இப்போது மற்ற தேசங்களில் படித்தவர்கள் இதைத்தான் பார்க்கிறார்களாம், நடுக்கம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, கீழே என்ன மண் என்று. எனக்கு இது உடனே விளங்கியது. மாப்பிள்ளை ஒருவன்தான், அவன் போய் விழும் வீட்டைப் பொறுத்துச் சத்தம் மாறும்.

நம் ஊர்க் கரையில் கடல் வருஷத்துக்கு ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொண்டு போகும்போது ஒருவரும் வந்து அளக்கவில்லை. அங்கே ஓலை வீடு, வெடிப்பு விழச் சுவரும் இல்லை. கடல் கிட்ட வந்தால் நாலு பேர் சேர்ந்து வீட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கஞ்சி குடிப்போம். சுவர் வைத்துக் கட்டியவர்களைத் தேடித்தான் ஆராய்ச்சி வரும்.

துரை என்ன செய்தார் என்றால், விரல் நீளத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் வெள்ளைச் சாந்து அப்பி ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் வீடு உறுதி. பேலியகொடையில் ஆற்றோரம் ஒன்று, ஹெந்தளையில் ஒன்று, இரத்மலானையில் ஒன்று என்று வேறு வீடுகளிலும் ஒட்டினார்கள். வெள்ளவத்தையில் ஒட்டவில்லை. ரயில் ஆராய்ச்சியைக் குழப்புமாம்.

அந்தோனியார் படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். மெழுகுதிரி வைக்கும் சின்னப் பலகைத் தட்டு மட்டும் கண்ணாடிக்குக் கீழே அப்படியே இருந்தது.

அப்போது சேவியர் எல்லோர் முன்னாலும் கேட்டான். "அம்மா, இது உடைஞ்சா வெள்ளவத்தைக்கு வருவீங்கதானே?"

வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியார் நின்றார். பிலோமினா நின்றாள், அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. "உடைஞ்சா வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக்குக்கூட அதைவிடக் கனம் உண்டு.

4

எங்கள் துறைமுகப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியாது, நானும் இங்கே வந்துதான் கற்றேன். எதற்காக நேர்கிறோமோ அதற்குப் பக்கத்தில்தான் திரி எரிய வேண்டும். வள்ளத்துக்கு நேர்ந்தால் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில். நோயாளிக்கு நேர்ந்தால் அவன் தலைமாட்டில். வழக்கு வெல்ல வேண்டும் என்று ஒருவர் நீதிமன்றத்துப் படியில் ஏற்றி, பொலிஸ்காரர் தொப்பியால் அணைத்ததும் உண்டு. அந்த வழக்குத் தோற்றது. தொப்பியால்தான் தோற்றது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் திரி ஏற்றவில்லை. அரசாங்கச் சாமானுக்குக் கிட்டே போக வேண்டாம் என்று, எதிர்ச் சுவரில், படம் போன இடத்திலேயே செவ்வாய்க்கிழமைத் திரியை ஏற்றினேன். தினமும் விடிந்ததும் ஜன்னலைத் திறந்து கண்ணாடியைப் பார்ப்பேன். கிறேஸும் அந்த நாட்களில் அடிக்கடி வந்தாள். முன்பெல்லாம் பெரிய திருநாளுக்கு வருகிறவள். வந்ததும் என் சுகத்தைக் கேட்பதற்கு முன்பே கண்ணாடியைப் பார்ப்பாள். எப்போது உடையும், கிழவியை எப்போது கொண்டுபோய்ப் பின்அறையில் போடலாம் என்றுதான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் நான் கோயிலில் செபமாலைக்குப் போயிருந்தபோது கிறேஸ் கேக் கொண்டு வந்து, பிலோமினாவிடம் திறப்பை, நம் ஊர்ச் சாவியை, வாங்கி வீட்டுக்குள் இருந்திருக்கிறாள். நான் வருவதற்குள் கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். கண்ணாடியில் நடுவே ஒரு கோடு.

பிலோமினா ஓடி வந்து பார்த்துவிட்டு, கோந்து இருக்கிறது, ஒட்டிவிடலாம், துரைக்கு எங்கே தெரியப் போகிறது என்றாள். வேண்டாம் என்றேன். சொன்ன சொல்லைக் கோந்து போட்டு ஒட்டுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. நானே சேவியருக்கு ஆள் அனுப்பினேன்.

அதன் பிறகு கந்தோர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சுவர் ஒரு கந்தோருக்குச் சொந்தம். சுவருக்குக் கீழே உள்ள மண் இன்னொரு கந்தோருக்கு. நடுக்கம் சேவியரின் கந்தோருக்கு. வெடிப்பு மட்டும் எனக்கு. ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மண்காரரைக் கேட்க வேண்டும் என்பார். மண்காரர் முற்றத்தில் ஒரு குழி தோண்டிவிட்டு, மூடுவது வேறு பகுதியின் வேலை என்று போய்விடுவார். பியூன் ஒருவர் தினமும் வந்து, தான் வந்ததற்குச் சாட்சியாக என் கைநாட்டைக் கேட்பார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று ஒவ்வொரு நாளும் சொல்லி, ஒவ்வொரு நாளும் போட்டேன்.

ஹாஜியாருக்கும் அறிவித்தல் வரப் போகிறது, வீட்டை இடிக்கச் சொல்லப் போகிறார்கள் என்று கேள்வி. அவர் வந்து வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கட வாப்பா கட்டின சுவர் இது," என்றார். "அது எப்பவும் கொஞ்சம் அப்பிடித்தான்."

பேலியகொடைக் கண்ணாடி மீன்கூடை மோதி விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக இருந்தன. ஆக, உடைந்த கண்ணாடி என் வீட்டுக் கண்ணாடி ஒன்றுதான். அது உடைந்த அன்றைக்குக் கந்தோரில் ஊசியும் துள்ளியதாம், எங்கேயோ தூரதேசத்து நடுக்கம். துரை இரண்டையும் சேர்த்து எழுதி, அந்த வாரக் கப்பலிலேயே சீமைக்கு அனுப்பிவிட்டார்.

5

நான் புறப்பட வேண்டிய நாள் வந்தது. சாமான் கட்ட உதவி செய்ய கிறேஸ் வந்தாள். துரை உடைந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போக வந்தார். சேவியர், பிலோமினா எல்லோரும் இருந்தார்கள். நான் அந்தோனியார் படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அழவில்லை. முதல் வரிசையில் இனி யார் நடப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிலோமினாதான் நடப்பாள். அவளுக்கு நடக்கத் தெரியாது, கை வீசுவாள்.

கிறேஸ் என் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். வெளியே எடுத்தாள், வேறுவிதமாக மடித்தாள், திரும்பவும் வைத்தாள். அப்படி ஒரு சோகமான மடிப்பை நான் கண்டதில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

துரை ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, கண்ணாடித் துண்டைப் பார்த்தார். அடிப்பக்கத்துச் சாந்தை விரலால் தடவினார். விரலை மூக்கில் வைத்தார். பிறகு பலகைத் தட்டை நகத்தால் சுரண்டினார். என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார், "நீ இங்கே மெழுகுதிரி வைச்சே?"

"வைக்கலை."

சூடு பட்டால் கண்ணாடி தானாக உடையும், இங்கே புகை இருக்கிறது, மெழுகு இருக்கிறது என்று அவர் இங்கிலீஷில் சேவியருக்குச் சொன்னார். சேவியர் என் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்கதான் மறந்துபோய்க் கொளுத்தியிருப்பீங்க. இல்லாட்டி, போக விருப்பமில்லாம இப்ப வந்து கரி பூசினீங்களா?"

பூமி நடுங்கியபோது எனக்கு வராத நடுக்கம் அப்போது வந்தது. வாழ்க்கை முழுவதிலும் ஒரு பொய் சொல்லி ஒரு வாய்ச் சோறு தின்றவள் இல்லை நான். பதில் சொன்னால் கெஞ்சுவது போலாகும் என்று, மடியில் இருந்த படத்தின் துணியை இழுத்துச் சுற்றினேன்.

"நான்தான் கொளுத்தினனான்," என்றாள் கிறேஸ்.

சேவியர் அவளைப் பார்த்தான். "நீயா? மெழுகுதிரியா? எதுக்கு?"

அவள் பெட்டிக்குள் இருந்த சேலையைப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதற்காக நேர்கிறோமோ அதற்குப் பக்கத்தில் திரி. எங்கள் தெரு வழக்கத்தை இவளும் கேட்டு வைத்திருக்கிறாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள் என்றால் கண்ணாடிக்காகத்தான் நேர்ந்திருக்கிறாள். உடையக் கூடாது என்று. உடைந்தால் நான் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். எந்தச் சொரூபத்துக்கும் முழங்காலை மடக்காதவள், மாமியார் வந்துவிடக் கூடாது என்று அந்தோனியாரிடம் போயிருக்கிறாள். அவர் படம் எதிர்ச் சுவருக்குப் போனதுகூடத் தெரியாமல், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேண்டிவிட்டு, மிச்சத் திரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் என் சுவரில் வேண்டியதும் அதேதான். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஒரே காரியத்துக்கு நேர்ந்திருக்கிறோம். படித்தவள் ஏற்றிய திரிதான் உடைத்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தப் பெண்ணிடம் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எனக்குப் பிடித்த ஒன்றைக் கண்டேன். நினைப்பதை முழுமனதோடு நினைக்கிறாள்.

"எனக்குக் கால்வலி," என்றேன். "அதுக்குத்தான் வேண்டிக்கிட்டா."

கிறேஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "ஓம்," என்றாள். "மாமியின்ர காலுக்குத்தான்."

"காலுக்கு நேர்ந்தா காலுக்குக் கிட்டயெல்லோ வைக்கணும்," என்று பிலோமினா தொடங்கினாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். அவளுக்கு அடுப்பில் பால் இருந்தது நினைவுக்கு வந்து போய்விட்டாள்.

சேவியரின் கண் நிறைந்துவிட்டது. தன் மனைவி தன் தாய்க்காக மெழுகுதிரி ஏற்றினாள் என்று அவன் கந்தோர் முழுவதும் சொல்லியிருக்கிறான். ஜப்பானில் ஊசி துள்ளுவதைப் படிக்கத் தெரிந்தவன், தன் வீட்டுக்குள் இரண்டு பெண்களின் முகத்தைப் படிக்கத் தெரியாமல் நிற்கிறான். ஆனாலும் நல்ல பிள்ளை.

துரை புதிய கண்ணாடி ஒன்றை ஒட்டினார். அறிவித்தல் நின்றது. பெட்டியை அவிழ்த்தோம். சீமைக்குப் போன எழுத்தைத் திருப்பிக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். அது அச்சுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, திரியும் உடைத்திருக்கலாம், நடுக்கமும் உடைத்திருக்கலாம் என்று தோளைக் குலுக்கினார். சீமையில் எங்கேயோ ஒரு புத்தகத்தில், என் மருமகளின் மெழுகுதிரி இன்றைக்கும் பூமி நடுக்கமாக இருக்கிறது.

6

சேவியர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை. படிக்கிறவனாக இருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அவன் தமிழ் எழுத்தை மறந்துபோனதில் எனக்குக் கிடைத்த ஒரே இலாபம் இது.

நடுங்கிய அந்த நாள் வருஷா வருஷம் வரும்போது கிறேஸ் கொட்டாஞ்சேனைக்கு வருகிறாள். நேர்த்தி நேர்த்திதானே, ஒருமுறை ஏற்றினால் தொடர்ந்து ஏற்ற வேண்டும் என்று பிலோமினா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். போன வாரமும் வந்தாள். கண்ணாடிக்கு எட்டாத தூரத்தில், எதிர்ச் சுவரில், படத்துக்குக் கீழே திரியை வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினாள். எங்கள் கோயிலில் இவ்வளவு உண்மையாக முழங்காலிடுகிற மருமகள் வேறு ஒருத்தி இருக்கிறாளா என்பது சந்தேகம்.

எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இருவரும் குனிந்து கண்ணாடியைப் பார்த்தோம். ஒரு கீறலும் இல்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

"தேத்தண்ணி போடட்டோ, மாமி?" என்றாள்.

போடு என்றேன். தம்பிக்கு இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன், இங்கே நிலம் உறுதியாக இருக்கிறது. அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம்.

வாசலில் சேவியரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் அவளுக்கு முன்னாலேயே அடுப்படிக்குச் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தேன். கிறேஸ் பின்னால் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"மாமி, கால்."

"எந்தக் கால்?"

"போன வருஷம் இடது," என்றாள்.

இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தேன்.